டியூபின் மறுமுனை

என் வீட்டின் பின்னறை பூமிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். மகள் விமானம் ஏறி வந்து சேரும்போது ஜன்னலின் மேல்பாதி மட்டும்தான் வெளியே தெரியும், வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கயிறு கட்டி உள்ளே இறக்க வேண்டியிருக்கும் என்கிற அளவுக்கு நம்பினேன். ஊரார் வீடுகளின் அஸ்திவாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவதுதான் என் பிழைப்பு என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்த நம்பிக்கையின் அழகு முழுசாகப் புரியும்.

பின்னறையைக் கட்டியதே மகளின் பிரசவத்துக்காகத்தான். அவள் கணவனோடு பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் அம்மா போன பிறகு மூலக்குளத்து வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். இருவரில் அதிகம் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாய் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறதே என்று போனில் சொன்னேன். "பாக்கலாம்ப்பா" என்றாள். உடனே குழி தோண்ட ஆள் சொல்லிவிட்டேன். மண்ணைச் சோதித்துப் பார்த்தேன். அந்தப் 'பாக்கலாம்' எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மண்ணிடம் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இத்தனை பாரம் வைத்தால் பிதுங்கி விலகிவிடுவாயா? விலகமாட்டாய் என்றால், எவ்வளவு இறங்குவாய்? முதல் கேள்விக்கு அது ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு நிதானமாகத்தான் சொல்லும். எங்கள் தெருவில் மேலே செம்மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள். அதற்கடியில் கருப்புக் களி. பாரம் ஏறியதும் களி தன்னுள் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அது சுருங்கச் சுருங்க மேலே இருக்கும் கட்டடம் இறங்கும். அதனால் தூண்களின் அடியில் கான்கிரீட்டை அகலமாகப் போட்டுப் பாரத்தைப் பரப்பினேன். இறங்கினாலும் ஒரு விரல் தடிமனுக்கு மேல் இறங்காது என்று கணக்கு சொன்னது. அதுவரைக்கும் எல்லாம் சரி.

பழைய வீடு இறங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ இறங்கி முடித்துவிட்டது. அதை ஒட்டிக் கட்டும் புது அறை இனிமேல்தான் இறங்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். இதை நான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வேன். விடாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மிரட்டவும் செய்வேன். என் வீட்டில் விடவில்லை. இடைவெளி விட்டால் சுவரில் அந்தக் கோடு தெரியும். வாடகைக்கு ஒட்டுப்போட்ட அறை மாதிரி இருக்கும். தன்னை ஒதுக்கி வைத்ததாக அவள் நினைத்துவிடுவாளோ என்று பட்டது. பழைய சுவரோடு புதுச் சுவரைக் கோத்துக் கட்டச் சொன்னேன். "சார் வூடு, சார் இஷ்டம்" என்றார் மேஸ்திரி.

பெயிண்ட் காய்ந்து கொஞ்ச நாளில், இரண்டு சுவரும் சேருமிடத்தில் விரிசல் விட்டது. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடையும். உடைந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் படிப்பெல்லாம் மறந்துபோனது. தரையில் கோலிக்குண்டை உருட்டிவிட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மண்டியிட்டுப் பார்த்தேன். புது பீரோவை வெளியே இழுத்துப் போட்டேன். பாத்ரூம் கதவு இடித்தபோது சுவரே சாய்ந்துவிட்டது என்று தெருவுக்கு ஓடினேன். கதவிடுக்கில் மாட்டியிருந்தது என் துண்டு. அந்த அறைக்குள் நுனிக்காலில்தான் நடந்தேன். நுனிக்காலில் நடந்தால் பாரம் குறையாது, அழுத்தம்தான் கூடும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அது தெரிந்தும் நடந்தேன்.

மகளிடம் மூச்சு விடவில்லை. வீடியோவில் அறையைக் காட்டும்போது விரிசல் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். சக இஞ்சினியர் யாரையாவது கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் முதலியார்பேட்டை வரை சிரிப்பார்கள். நானே அளப்பது என்று முடிவு செய்து டியூப் லெவலை எடுத்தேன். நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பழைய சுவரில் போட்ட குறியில் ஒரு முனையின் தண்ணீரை நிறுத்திவிட்டு, மறுமுனையில் அது நிற்குமிடத்தைப் புது அறைச் சுவரில் கோடு போட வேண்டும். அடுத்த முறை அளக்கும்போது தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றால், சுவர் அவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பொருள்.

இதைவிட எளிய கருவி உலகத்தில் கிடையாது. ஆனால் அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனைக்கு ஓடினேன். இங்கே நான் சரி செய்தால் அங்கே தண்ணீர் தாழ்ந்தது. அங்கே ஓடினால் இங்கே வழிந்தது. கடைசியில் ஈரத்தரையில் வழுக்கி உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வீட்டில் ஆள் இல்லையே என்று அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். அவரும் தனிதான். இத்தனை வருஷத்தில் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையாட்டிக்கொண்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தேய்த்த சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார். பழைய சுவரில் நான் போட்டிருந்த பென்சில் குறியைப் பார்த்தார்.

"என்னா தம்பி, பேரப்புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே ஒசரம் அளக்குறியா?"

"ஒசரம் இல்ல முசியே, பள்ளம்."

"பள்ளம் வேணும்னா பட்டாளத்துல வெட்டுவோம். நீ வூடு கட்டி உண்டாக்குற."

எல்லையில் காவல் நிற்பவர் போல விறைப்பாக நின்று குழாயைப் பிடித்தார். நான் பின்னறையில் பென்சிலோடு காத்திருந்தேன். கூடத்திலிருந்து "சரி" என்றார். கோடு போட்டேன். மறுபடி சரிபார்க்கலாம் என்று இன்னொரு முறை கேட்டேன். "சரி" என்றார். அவசியமே இல்லாமல் மூன்றாம் முறையும் கேட்டேன். வீட்டில் இன்னொரு இடத்திலிருந்து ஒரு குரல் வந்து எத்தனை நாளாகிறது என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்தார். கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறின. முதலில் நன்றாகவே விலகி ஏறின. அந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் நெருங்கின. அப்புறம் எவ்வளவு கூராகப் பென்சிலைச் சீவினாலும் போன வாரக் கோட்டின் மேலேயே விழுந்தது. அப்போது இரண்டாவதாக ஒட்டிய கண்ணாடி உடையவில்லை. "நின்னுடுச்சா?" என்று கேட்டார் முசியே. நின்றுவிட்டது என்றேன். "அப்ப நா கெளம்பறேன்" என்று குழாயைச் சுருட்டி வைத்தார். அடுத்த வாரமும் எதற்கும் அளந்துவிடலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அவர் போனதும் மகளுக்குப் போன் போட்டேன். விரிசல் முதல் கண்ணாடி வரை எல்லாவற்றையும் நகைச்சுவையாகச் சொல்லி, இனி பயமே இல்லை, டிக்கெட்டைப் போடு என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நா வரலப்பா. பிரஷர் இருக்கு, பிளைட்டு வேணாம்னுட்டாங்க டாக்டர். அவுங்க சொன்ன அன்னிக்கே உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீ ரூமு ரூமுன்னு பேசிக்கினே இருந்தியா, எனக்கு வாய் வரல."

நான் சுவரில் கடைசிக் கோட்டை விரலால் தடவினேன்.

"என்னாப்பா, என்னா பண்ணிக்கினு இருக்க?"

"ஒண்ணும் இல்லம்மா. தண்ணி சரியா நிக்குதான்னு பாத்தேன்."

சுருட்டி வைத்த டியூப் மூலையில் கிடந்தது.

நான் போட்ட கணக்குக்கு உள்ளேயே, ஒரு விரல் தடிமன்கூட ஆகாமல், அறை இறங்கி நின்றுவிட்டது. மகளுக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். விரிசலைப் பூசிவிட்டேன். பென்சில் கோடுகளின் மேல் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அந்த அறையில் இதுவரை யாரும் படுத்ததில்லை.