நாலணா வைத்துக் கேட்ட நாற்காலி ரிக்கார்டு

என் கையெழுத்தைப் படிக்க நேர்கிறவர்களிடம் முதலில் என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ‘ர’ எங்கே, ‘ற’ எங்கே என்பது எனக்கு இன்னும் தகராறுதான். ரேடியோ மெக்கானிக் நண்பர்கள் நடத்தும் நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுது என்று கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராதவன் நான். படியெடுக்கும் நண்பர் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தை மாற்ற வேண்டாம்.

1. ரெண்டு ரெண்டாக விழும் சேஞ்சர்

எழுபத்தொன்றாம் வருஷம். அம்பத்தூரில் ஜமால் பாய் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ரேடியோ, ஆம்பிளிஃபயர், ரிக்கார்டு பிளேயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்போம். கல்யாணங்களுக்கு மைக் செட் போடவும் போவோம்.

பருத்திப்பட்டிலிருந்து டெரிக் சார் ஒரு சேஞ்சரைக் கொண்டுவந்தார். ரயில்வேயில் வேலை, ஆங்கிலோ-இந்தியர், பாய்க்குப் பழைய கஸ்டமர். சேஞ்சரின் நடுக்கம்பியில் ஆறு ரிக்கார்டுகளை அடுக்கினால், ஒன்று பாடி முடிந்ததும் அடுத்தது தானாக விழ வேண்டும்.

“ரெண்டு ரெண்டா உழுது மேன்,” என்றார். “டெஸ்ட் பண்றதுக்கு ஆறு எல்பி வெச்சிட்டுப் போறேன். கறுப்பு அட்டைய மட்டும் ஜாக்ரதையா பாத்துக்கோ. என் தம்பி ஆஸ்திரேலியாலேருந்து அனுப்பினது. மெட்ராஸ் பூரா தேடினாலும் கெடைக்காது.”

நான் தலையை ஆட்டினேன். பேச்சுக்குப் பதில் தலையாட்டுவது என் வழக்கம்.

2. அட்டையைப் பார்த்து வைத்த பெயர்கள்

ஆறும் இங்கிலீஷ் ராக் பாட்டுகள். அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரியாததால் படத்தைப் பார்த்து நானே பெயர் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் பாய் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். தொழில்காரனாக என் அபிப்பிராயம் இது.

லாரி: நாலு பேர் லாரி மேல் உட்கார்ந்திருக்கும் அட்டை. எல்லாப் பாட்டும் ஒரே வேகம். டிரம்ஸ்காரர் கோபத்தில் இருப்பவர் போல அடிக்கிறார். ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அருமையான ரிக்கார்டு. உட்கார்ந்து கேட்க ஆகாது.

குடை: கிழிந்த குடையோடு ஒருவர். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. அது முடிவதற்குள் ரெண்டு கண்டன்சர் மாற்றிவிடலாம். நடுவில் ஆர்கன்காரர் தனியாக வாசிக்கும் இடம் வந்தால் மட்டும் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிடுவேன்.

நாற்காலி: டெரிக் சார் சொன்ன கறுப்பு அட்டை. வெட்டவெளியில் ஒரு மர நாற்காலி, வேறொன்றும் இல்லை. முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு ஒரே ஒரு கிதாரில் மெதுவாக ஆரம்பிக்கும். அடித்தொண்டையில் பேசுவது போல பேஸ் கிதார் வந்து சேரும். அதற்குப் பிறகுதான் பாடகரே வாயைத் திறப்பார். அவசரமே கிடையாது. அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது. ஆனாலும் கூச்சமுள்ள ஆள், சொல்ல வந்ததைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். ரெண்டாவது பக்கம் அவ்வளவு இல்லை. இரண்டு பாட்டை நீக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்ற மூன்றும் பரவாயில்லை. ஆறிலும் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பாட்டை முடிக்காமல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் மறைந்துவிடுகிறார்கள். ஆரம்பித்தவர்கள் முடிக்க வேண்டாமா?

பக்கத்து சைக்கிள் கடை முனுசாமி எட்டிப் பார்ப்பார். “இன்னா நைனா, பூன வால மிதிச்சிட்டியா? அந்தக் கத்து கத்துது?”

“கிதாருண்ணா.”

“எனக்கு பூனதாம்பா கேக்குது.”

3. நாலணா

அந்த மூன்றாவது பாட்டில்தான் வம்பு வந்தது. ஊசியைத் தாங்கும் கையை, அதாவது பிக்கப்பை, ரிக்கார்டில் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை நான் அப்போது சரியாக முறுக்கியிருக்கவில்லை. பாடகர் ஆரம்பிக்கும் இடத்தில் ஊசி குதித்து அடுத்த வரிக்குப் போனது.

மைக் செட்டில் ஊசி குதித்தால் பிக்கப் தலையில் ஒரு நாலணா காசை வைப்போம். பாரத்துக்குக் குதிக்காது. ஆனால் அப்படிக் காசு வைத்து ஓட்டிய கல்யாண ரிக்கார்டுகள் ஒரே வருஷத்தில் சாம்பல் நிறமாகி இரைச்சல் போடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். நாலு நாள் சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தப் பாட்டை நாலணாவோடு கேட்டேன்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. சேஞ்சர் தயார். ஸ்பிரிங்கையும் சரியாக முறுக்கிவிட்டேன். ரிப்பேரான எந்த பிளேயரும் பாயின் பழைய 78 ஸ்பீடு நாகஸ்வரத் தட்டைப் பாடிக் காட்டாமல் கடையை விட்டுப் போகக் கூடாது. அந்தத் தட்டில் ஒவ்வொரு சுரமும் பாய்க்கு மனப்பாடம். மோட்டார் ஓட்டத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். போட்டேன். “சரியா கீது, கட்டி வெய்யி,” என்று சொல்லிவிட்டு பாய் தொழுகைக்குப் போனார்.

கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை கேட்போம் என்று ஸ்பீடைக் குறைத்து நாற்காலியைப் போட்டேன். காசு வைக்கவில்லை. பாட்டோடு சேர்ந்து மணலை அரைப்பது போல இரைச்சல் வந்தது. முதல் பாட்டு, மூன்றாவது பாட்டு, திருப்பிப் போட்ட பக்கம், எல்லாவற்றிலும்.

பாய் திரும்பி வந்தார். “இன்னாடா, பேயறஞ்சா மாதிரி நிக்கிற?”

சட்டைப்பையிலிருந்து நாலணாவை எடுத்துக் காட்டி, ரிக்கார்டைக் கை காட்டினேன். பாய்க்கு அதுவே போதும்.

“அடப்பாவி! இது இன்னா கல்யாண ஊட்டு மைக் செட்டா? கஸ்டமர் பொருளுடா!”

“நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க பாய்…”

“காசு வெச்சது யாரு கையி? எல்லாத்தையும் தூக்கிகினு நீயே போ. அவரு உன்ன மன்னிச்சிட்டா நாளிக்கி கடைக்கி வா. இல்லாங்காட்டி வராத.”

வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு கைத்தொழில் கிடையாது.

4. பருத்திப்பட்டில்

சேஞ்சரை சைக்கிள் கேரியரில் டியூப் போட்டுக் கட்டினேன். வழி முழுவதும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். ஏரிக்கரைக்கு வந்தபோது அதுவும் மறந்துவிட்டது.

“கம் மேன், கன்னியப்பா! இப்போ ஒண்ணொண்ணா உழுதா?” வாசலிலேயே டெரிக் சார் கேட்டார்.

“சார், நாற்காலிய நான் கெடுத்துட்டேன்.”

“எந்த நாற்காலி மேன்? என் ஊட்டு நாற்காலி எல்லாம் இங்கதானே கீது.”

கறுப்பு அட்டையை நீட்டினேன். நாலணா, நாலு நாள், மூன்றாவது பாட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

அவர் முகம் மாறியது. சேஞ்சரை அவர் ரேடியோவோடு இணைத்து ரிக்கார்டைப் போட்டார். அதே மணல்.

சமையல்கட்டிலிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். “இன்னா டெரிக், அப்பளம் பொரியறாப்ல கீது?”

டெரிக் சார் ரிக்கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்து பிக்கப்பின் அடியில் பார்த்தார்.

“பாயோட நாகஸ்வரம் போட்டுதானே டெஸ்ட் பண்ணே?”

“ஆமா சார்.”

“அதுக்கப்புறம் ஊசிய திருப்புனியா?”

அந்தப் பிக்கப்பில் முதுகோடு முதுகாக ரெண்டு ஊசி. 78 தட்டுக்குத் தடித்தது, எல்பிக்கு மெல்லியது. சின்னப் பிடியைத் திருப்பினால் மாறும். நாகஸ்வரத்துக்காகத் தடித்த ஊசிக்குத் திருப்பியிருந்தேன்; பிறகு ஸ்பீடைக் குறைத்த நான் பிடியைத் தொடவே இல்லை. தடித்த ஊசி எல்பியின் பள்ளத்தில் இறங்காமல் மேல் விளிம்பிலேயே உராய்ந்துகொண்டு ஓடியிருக்கிறது. இரைச்சல் அதனால்தான். காசைப் பற்றிய பயத்தில், எந்த மெக்கானிக்கும் முதலில் பார்ப்பதை நான் பார்க்கவில்லை.

அவர் பிடியைத் திருப்பினார். ஒற்றைக் கிதார் சுத்தமாக வந்தது. பேஸ் வந்தது. பாடகர் ஆரம்பிக்கும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“அது என் காசு சார்,” என்றேன்.

“வுடு மேன். பாட்டு கீதில்ல?”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் இருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே வைத்தது போல இருந்தது. அவர் சம்சாரம் டீ கொடுத்தார். டெரிக் சார் கேட்டார், “நாலு நாள் கேட்டியே, எப்டி?” என்னிடம் யாரும் அப்படி அபிப்பிராயம் கேட்டதில்லை. பாட்டை முடிக்காமல் மறைந்துவிடுகிறார்கள் என்று சொன்னேன்.

“அதான் மேன் அழகே! பாட்டு எங்கியோ போய்க்கினே கீதுன்னு அர்த்தம்.”

“முடிக்கத் தெரியலன்னு அர்த்தம் சார்.”

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பொழுது சாயும் வரை சண்டை போட்டோம். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

5. தெரிந்துகொண்டது

மறுநாள் காலை கடையில் நடந்ததைச் சொன்னேன். பாய், “நானும்தானே அத்தப் பாக்காம உன்னத் தொரத்தினேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாகஸ்வரத் தட்டின் உறை மேல் ‘ஊசி’ என்று பென்சிலால் பெரிதாக எழுதிவைத்தார்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பீடை மாற்றும் கை ஊசியையும் மாற்ற வேண்டும். ஊசி குதித்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், காசைத் தேடாதீர்கள். தப்பு செய்துவிட்டோம் என்று பட்டால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ஒரு ‘டிக்’ தவிர கெடாத ரிக்கார்டை அடியோடு கெடுத்தவனாகவே என்னை நினைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் இருந்திருப்பேன்.

கன்னியப்பன்
அம்பத்தூர்
12-8-1979, ஞாயிற்றுக்கிழமை