சொல்லாமல் கிளம்புவது

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம் என்றாலும், என் வீட்டுக்காரருக்கு இது வழக்கம் இல்லை, வெறி. அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் கிளம்பினார். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி ஒரு லாரி பின்னால் வந்து இடித்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் வாசலில் நின்று அதைச் சொல்லி, நான் "போய்ட்டு வாங்க" என்ற பிறகுதான் செருப்பு மாட்டுவார்.

இந்த வீட்டுக்குத்தான் அந்த நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு வெளியே, ஒரு மழைநாளில், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பீர்கள். அதற்காகக் கொண்டுவரவில்லை. நனைந்துகொண்டிருந்தது, தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஏழெட்டு மாதம் ஆனதும் ஆரம்பித்தது. அவர் விடியற்காலையில் போய்விடுவார், நான் எட்டரை மணி ரயிலுக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் தலையணைப் பஞ்சு வீடு முழுக்கப் பறக்கும். அப்புறம் செருப்பு, திரைச்சீலை, பிரிட்ஜ் ஒயர். பல் பதிந்த ரேஷன் கார்டோடுதான் இன்றைக்கும் கடையில் வரிசையில் நிற்கிறேன். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் பேப்பரைச் சுருட்டி அடித்தேன். அதற்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. அந்தக் கையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செங்கல்பட்டில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னைவிடச் சின்னவர், அந்த டாக்டரம்மா. இது திமிர் இல்லை, பயம் என்றார். "நீங்க திரும்பி வருவீங்கன்னு அதுக்குத் தெரியாதும்மா. அதைத்தான் சொல்லித் தரணும்" என்றார். கிளம்பும்போது கொஞ்சக் கூடாது, பேசக் கூடாது. சத்தமில்லாமல் வெளியே போய் ஒரு நிமிஷத்தில் திரும்ப வேண்டும். அப்புறம் இரண்டு நிமிஷம், அப்புறம் ஐந்து. பழகுகிற வரைக்கும் நீண்ட நேரம் தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பத்து நாள் லீவு போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் நிமிஷத்தை எண்ணுவேன். பத்தாம் நாள் இருபத்தைந்து நிமிஷம். கதவைத் திறந்தால் மிதியடிமேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டு வாலை ஆட்டியது. அன்றைக்கு நான் அழுதேவிட்டேன்.

லீவு முடிந்ததும் பழைய கதைதான். நான் வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினாலும், எனக்கு முன்னால் கிளம்புகிற இவர் விட்டால்தானே! வாசலில் நின்று தவிப்பார், கடைசியில் சொல்லிவிடுவார். சொன்ன உடனே அதற்கு உடம்பு நடுங்கும், வாயில் எச்சில் வழியும். "போய்ட்டு வரேன்" என்று காதில் விழுந்தால் பொழுதுக்கும் ஆள் வராது என்று அதற்கு அத்துப்படி. "டாட்டா" என்று மாற்றினார், இரண்டே நாளில் புரிந்துகொண்டது. கையை மட்டும் காட்டினார், அதையும் புரிந்துகொண்டது. தெருமுனைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். அந்த மடங்கின காதுக்கு அதுவும் கேட்டது. மாத்திரை கொடுத்தோம், தூக்கக் கலக்கத்தோடே கதவைப் பிறாண்டியது. எல்லாம் உங்கள் வாயால்தான் கெடுகிறது என்று அவரைக் கண்டபடி திட்டினேன்.

பிறகு என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஒரு காலையில் போன் வந்தது. பதறியடித்துக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டும்போது என் வாயே "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் திரும்பினால் கதவின் கீழ்ப்பலகை பாதி இல்லை. அதன் முன்னங்கால் நகம் இரண்டு பிய்ந்திருந்தது, சுவரெல்லாம் ரத்தம்.

கீழ்வீட்டில் இருக்கிற ஹவுஸ் ஓனர் படியிலேயே காத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. மூன்று மாதமாக அது தனியாக ஊளையிடுவதைப் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"இன்னாம்மா பண்றது, அதுவும் பாவம், நாங்களும் பாவம். நாயி வேணுமா வூடு வேணுமா, நீயே சொல்லிடு."

நாலு இடத்தில் வீடு கேட்டோம். நாய் என்றதுமே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் செய்யூரில் இருக்கிற என் சித்தி மகனிடம் கேட்டேன். வேர்க்கடலை போட்டிருக்கிறான், பக்கத்தில் சவுக்குத் தோப்பு, எந்நேரமும் ஆள் நடமாட்டம். கொண்டுவாக்கா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இரவல் காரில் போனோம். மகாபலிபுரத்தில் நிறுத்திக் கடலைக் காட்டினோம். அலையைப் பார்த்துக் குரைத்துவிட்டு என் காலுக்கு நடுவில் வந்து ஒளிந்துகொண்டது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்யூரில் தம்பி அதற்கு மீன் குழம்புச் சோறு வைத்தான். அது தின்னும்போதே கிளம்பிவிடுங்கள், ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றான். இவர் வேலி ஓரம் நின்றார். உதடு அசைந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த விபத்துக்குப் பிறகு அவர் சொல்லாமல் கிளம்பியது அன்றைக்குத்தான்.

திரும்பிப் பார்த்தேன். சோற்றிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. நடுங்கவில்லை, ஓடிவரவில்லை. வேலிப் படலுக்குப் பக்கத்தில் போய்த் தாடையை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

"அழவே இல்லக்கா. நீங்க போன வழியையே பாத்துகினு படுத்துகினு கீது. வண்டிச் சத்தம் கேட்டா வாலை ஆட்டுது. நல்லா பழக்கி வச்சிருக்கியேக்கா."

சரிப்பா என்று போனை வைத்தேன். சொல்லாமல் போனால் உடனே திரும்பி வந்துவிடுவோம் என்று அதைப் பழக்கியது நான்தான்.