எழிலரசிக்கு எட்டுகிற மேடை

எழிலரசியின் உயரம் நாலே முக்கால் அடி. அதற்கு மேல் ஒரு விரலும் கிடையாது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவளே தன்னைப் பற்றி யாரிடமும் முதலில் சொல்லிக்கொள்வது இதைத்தான். "நான் குட்டைங்க, மேல கம்பி எட்டாது, கொஞ்சம் எடம் குடுங்க" என்று பஸ்ஸில் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். வெட்கப்பட்டு நிற்கிற ஆள் இல்லை. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. எனக்கு எதிர் வீட்டில் குடியிருந்தாள். ஜாக்கெட் தைப்பாள். அவளிடம் ஒரு முறை தைத்துப் போட்டவர்கள் வேறு கடைப் படி ஏற மாட்டார்கள். நானும் அப்படித்தான்.

அவள் கணவர் கோவிந்தன் ஆறடி. அரசுப் பேருந்து ஓட்டுநர். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற வண்டி அவருடையது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளம் வந்தால் வீட்டுக்கு வரும். நல்ல மனிதர். இப்படிச் சொல்லிவிட்டு ஓர் 'ஆனால்' போட வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

கல்யாணமாகி இருபது வருஷமாக வாடகை வீடுகள். எல்லா வீட்டிலும் சமையல் மேடைமேல் அடுப்பை வைத்தால் அவள் நெஞ்சு வரைக்கும் வந்தது. அதனால் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று சமைத்தாள். சாம்பாரும் ரசமும் என்றால் பலகை போதும். எங்கள் பக்கத்தில் வாரத்தில் நாலு நாளாவது ராகிக் களி வேண்டும். களி கிண்டுவது கரண்டி வேலை இல்லை. கொதிக்கிற பானையில் மாவைக் கொட்டி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரத்தையெல்லாம் மேலிருந்து இறக்கி அழுத்த வேண்டும். பானை நெஞ்சுக்கு நேராக இருந்தால் எப்படி அழுத்துவது? அழுத்தினால் பலகை நகரும். ஒரு நாள் நகர்ந்தே விட்டது, கொதிக்கிற களி கையில் கொட்டியது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. கோவிந்தன் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த வாரம் பலகைக்கு அடியில் பழைய டயர்த் துண்டை வெட்டி ஒட்டிக்கொடுத்தார். மேடையைப் பற்றி யாரும் பேசவில்லை. வாடகை வீட்டு மேடையை யார் இடிப்பது?

"சொந்தமா ஒரு வூடு கட்டினா, தரையில கால் வெச்சி நின்னு களி கிண்டணும்க்கா. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்பாள் என்னிடம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

போன வருஷம் அந்த வீடும் எழும்பியது. அதே தெருவில் கடைசி மனை. சுவரும் கூரையும் முடிந்து உள்வேலை பாக்கி. அதற்குத் தர்மபுரியிலிருந்து பிரபாகர் என்றொரு பையனைப் பிடித்தார்கள். வீட்டு உள்ளலங்காரம் படித்தவன், லேப்டாப்போடு வந்தான். பேச்சுக்குத் துணையாக எழிலரசி என்னையும் கூப்பிட்டிருந்தாள். வந்ததும் வராததுமாக வர்ண அட்டையை நீட்டுவான் என்று நினைத்தேன். அவன் அதைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. வீட்டில் யார் யார், யார் எத்தனை மணிக்கு எழுவார்கள், தையல் மிஷின் எங்கே, துணிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம், ஒகேனக்கல் குடிதண்ணீருக்கு ஒரு குழாய், போர்வெல் தண்ணீருக்கு ஒரு குழாயா என்றெல்லாம் கேட்டான். "மொதல்ல ஆளுங்க, அப்புறம் பைப்பும் ஒயரும், அப்புறம் அலமாரி, கலர் கடைசி" என்றான். வர்ணத்தைக் கடைசியில் பேசுகிறவனை நம்பலாம் என்பது என் கட்சி. முக்கால்வாசிப் பேர் வரப்போகிற விருந்தாளிக்காக வீட்டைத் திட்டமிடுகிறார்கள். விருந்தாளி காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விடுவான், அப்புறம் இருக்கிறவர்கள் அவன் ரசனையோடு முப்பது வருஷம் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கோவிந்தன் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் கேட்டார், அதில் வரிசையாக லைட் கேட்டார், டிவிக்குப் பின்னால் மரப் பலகை கேட்டார். எல்லாம் சரியென்றான். பிறகு சமையலறைப் படத்தைத் திரையில் காட்டினான். பளபளவென்று ஒரு மேடை. பக்கத்தில் நெட்டையாக, ஒல்லியாக ஒரு பொம்மைப் பெண் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தம்மா யாருங்க தம்பி?" என்று கேட்டாள் எழிலரசி.

"சும்மா, படத்துக்குங்கக்கா."

"இவங்களுக்கா நாம கட்டறோம்? இவங்க களி கிண்டுவாங்களா?"

பிரபாகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோவிந்தன்தான் இழுத்தார். "எல்லா வூட்லயும் ஒரே உசரந்தான் எழிலு. அதான் அளவு."

"நீங்க டூட்டிக்கு ஏறினா, முந்தின டிரைவர் வெச்ச சீட்லயே உக்காந்து ஓட்டுவீங்களா? தள்ளிப் போட்டுக்குவீங்களா?"

"அது வேற."

"எப்படிங்க வேற? பத்து பொம்பளைங்களுக்கு ஜாக்கெட் தெச்சா பத்து அளவு எடுக்கறன். எனக்கு ஒரு அளவு எடுக்கக் கூடாதா?"

பிரபாகர் எழுந்து டேப்பை எடுத்தான். அவளைச் செங்கல் சுவரோரமாக நிற்கச் சொன்னான். அவள் முழங்கையை மடக்கி, கையில் துடுப்பு இருப்பதுபோல் அழுத்திக் காட்டினாள். "எங்கம்மாவும் களி கிண்டறப்ப பானைய கீழ எறக்கித்தான் வெச்சிக்குவாங்க. எனக்குத் தோணவே இல்லைங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே பிரபாகர் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். இதுதான் மேடையின் உயரம். கோவிந்தனும் சரி என்று தலையாட்டினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

கருங்கல் பலகை பதிக்கிற அன்றைக்கு, கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளைக் கொடுக்க எழிலரசி தர்மபுரிக்குப் போயிருந்தாள். பாலக்கோட்டிலிருந்து கோவிந்தனின் அக்கா காசியம்மாள் வந்திருந்தார். தக்காளித் தோட்டக்காரர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர், அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மேஸ்திரி முனிராஜ் பென்சில் கோட்டைப் பார்த்துக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாடா கோவிந்தா இது, மாட்டுத் தொட்டியாட்டம் இவ்ளோ கீழ?" என்றார் காசியம்மாள்.

"எழிலுக்கு எட்டணும்ல அக்கா."

"நாளைக்குக் கவிக்கு மாப்ள வூட்டுக்காரங்க வருவாங்க. வந்து பாத்தா சிரிக்க மாட்டாங்களா? பொண்டாட்டி குட்டைன்னு கல்லுல எழுதி வெக்கிறியா?"

கவி என்பது மகள் கவிப்பிரியா, சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். கோவிந்தன் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு முனிராஜிடம், "எல்லா வூட்டுக்கும் வெக்கிற மாதிரியே வெச்சிடுங்க" என்றார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எழில் வரட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவ ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா" என்றார். மேலே சொன்ன 'ஆனால்' இதுதான்.

சாயங்காலம் எழிலரசி வந்தாள். கருப்புக் கல் மினுமினுவென்று பென்சில் கோட்டுக்கு வெகு மேலே நின்றது. உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "நல்லா வழவழன்னு இருக்குது" என்றாள். பிறகு அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி என் வீட்டுச் சமையலறையில் வந்து அழுதாள்.

"முன்னாடியே முடியாதுன்னு சொல்லியிருந்தா பரவால்லக்கா. சரின்னு தலைய ஆட்டிட்டு, நான் இல்லாதப்ப..." என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் இரண்டு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பினேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "சண்ட போட்டா கல்லு எறங்குமா? விடுங்க" என்று மூக்கைச் சிந்திவிட்டு, டீ போடுங்கள் என்றாள்.

புதுமனைப் புகுவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. காசியம்மாள் சீர்வரிசையோடு ஒரு தேக்கு முக்காலியும் கொண்டுவந்தார். குட்டையாக, அகலமாக, வார்னிஷ் அடித்து அழகாக இருந்தது. "எழிலு ஏறி நின்னு சமைக்கறதுக்கு நானே சொல்லிச் செஞ்சது" என்று எல்லாரிடமும் காட்டினார். அவர் மனதில் கள்ளம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆசையாகத்தான் செய்து கொண்டுவந்தார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது, திட்டவும் வழியில்லாமல்.

பால் காய்ச்சுகிற நேரம் வந்தது. மேடையில் புது அடுப்பு, மேலே புகைபோக்கி, கல்லுக்கு மஞ்சள் குங்குமம். எழிலரசி முக்காலியை எடுத்தாள். எல்லாரும் அவள் ஏறப்போகிறாள் என்று பார்த்தார்கள். அவள் அதைத் தரையின் நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வாடகை வீட்டிலிருந்து கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த பழைய ஒற்றை அடுப்பை முன்னால் இழுத்து, பற்ற வைத்து, பால் பாத்திரத்தை ஏற்றினாள்.

"ஏம்மா, மேல அவ்ளோ நல்ல அடுப்பு இருக்கறப்ப கீழ எதுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மேல எனக்கு எட்டலீங்க. எட்டற எடத்துல காச்சறன்" என்றாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. பால் பொங்கியது. குலவை போட்டார்கள். கோவிந்தன் மட்டும் தண்ணீர்க் கேனை மாற்றுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் புதுச் சமையலறையில் சமையல் எல்லாம் தரையில்தான். வீம்பு என்று பார்த்தால் வீம்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, வேளைக்குச் சோறு போடாமல் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, பானையைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, களியைப் பந்து பந்தாக உருட்டிப் போட்டாள். கோவிந்தன் அதைத் தின்றுவிட்டு டூட்டிக்குப் போனார். மேலே புகைபோக்கி சும்மா தொங்கியது. தாளிக்கிற வாசம் ஹால் ஃபால்ஸ் சீலிங் வரைக்கும் போய் உட்கார்ந்தது. மேடையில் அவள் ஜாக்கெட் துணிகளை மடித்து அடுக்கி வைத்தாள். அதற்கு அது வசதியாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் லைட் ஒன்று எரியவில்லை. கோவிந்தன் ஆறடி என்றாலும் அது அவருக்கும் எட்டாத உயரம். அக்கா கொடுத்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கை மேலே, தலை மேலே, கால் மட்டும் அந்த முக்காலிப் பலகையில். டைல்ஸ் தரையில் முக்காலி லேசாக அசைந்தது.

"எழிலு, எழிலு! சீக்கிரம் வந்து புடி, வுழுந்துருவன்!"

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து பார்க்கவில்லை.

"நான் இருவது வருசம் ஏறி நின்னனே. என்னைய யாருங்க புடிச்சது?" என்றாள்.

கோவிந்தன் லைட்டைத் தொட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே நின்றார். பிறகு குனிந்து பார்த்தார். முக்காலியைப் பிடித்திருந்த அவள் இடது கையில் அந்தத் தழும்பு முழுசாகத் தெரிந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. லைட்டை மாட்டாமலேயே இறங்கினார். என்னைக்கூடக் கவனிக்கவில்லை. செல்போனை எடுத்துப் பிரபாகரைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பென்சில் கோடு அளவு இன்னும் வெச்சிருக்கியா? நாளைக்கே வாப்பா" என்றார்.

கல்லைப் பெயர்த்து, கீழே இருந்த செங்கல்லைக் குறைத்து, மறுபடி பதித்தார் முனிராஜ். பாத்திரம் கழுவுகிற தொட்டியும் குழாய்களும் கூடவே இறங்கின. புகைபோக்கியையும் கொஞ்சம் இறக்கினான் பிரபாகர். அந்த நாலு நாளும் கோவிந்தன் லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்றார். காசியம்மாள் போனில் கேட்டதற்கு, "அது எழிலு சமைக்கிற எடம் அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வீட்டில் காசியம்மாளுக்கு மறுபேச்சு வந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வேலை முடிந்த அன்று எழிலரசி வெறுங்காலோடு தரையில் நின்று களி கிண்டினாள். துடுப்பு அழுந்த அழுந்தப் பானை அசையாமல் நின்றது. எனக்கும் ஓர் உருண்டை வந்தது. இனித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், களியில் ஏது இனிப்பு, ஆனாலும் இனித்தது.

லீவுக்குக் கவிப்பிரியா வந்தாள். அப்பாவைப்போல் நெட்டை. அம்மாவுக்கு ஒத்தாசையாக நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, என்னாம்மா இது, இவ்ளோ குனிய வேண்டியிருக்குது. எனக்கு இடுப்பே போச்சி."

எழிலரசி அடுப்பைத் தணித்துவிட்டு மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் வூட்ல உன் ஒசரத்துக்கு வெச்சிக்க கண்ணு. என்னா ஒசரம் வேணும்னு யாராச்சும் கேட்டா சொல்லு. கேக்கலன்னாலும் சொல்லு. நீ சொன்ன அளவுல கல்ல வெச்சி முடிக்கிற வரைக்கும் அந்த எடத்த விட்டு நவுராத."