பிடியரிசி வேகும் நேரம்

சுடாத பீங்கான் சாமான் சுண்ணாம்பைவிட வெள்ளையாக இருக்கும். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மின்சார பியூஸ் கட்டைகள் செய்கிறோம். அச்சிலிருந்து எடுத்த கட்டைகளைப் பலகையில் அடுக்கி, ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது காலை வேலை. அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் இருமல் வந்தது. முகத்தைத் திருப்புவதற்குள் ஒரு கட்டையின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்துவிட்டது. வண்ணம் தெறித்திருக்கிறது என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தேன். துடைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பட்டறையில் வண்ணமே கிடையாது.

பீங்கான் ஊரில் இருமல் ஒரு செய்தி அல்ல. மண் தூசியில் நிற்கிறவன் இருமத்தான் செய்வான் என்று இருந்துவிடுவோம். அதனால்தான் இரண்டு மாதத்து இருமலையும், சாயங்காலம் ஆனால் மெல்ல ஏறுகிற காய்ச்சலையும், பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாகப் போட்ட இரண்டு ஓட்டைகளையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஊரையும் தொழிலையும் காரணம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள்.

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை (இருமி எடுத்த சளியில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் தலையில் முக்காடு போட்ட நடுவயது டாக்டரம்மா. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தூசியால வந்தது இல்ல தம்பி. இது டிபி."

டிபி என்றால் காசநோய் (காற்றின் வழியாக நுரையீரலுக்குள் போய்த் தங்கும் கிருமியால் வருவது). ஆறு மாதம், ஒரு நாள் விடாமல் மாத்திரை என்றார்.

"ஆறு மாசமாங்க?"

"சட்டி பானை செய்யிற ஊருக்காரன் நீ. அவசரப்பட்டா ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"சட்டி பானை இல்லீங்க. பியூஸ் கட்டை."

"அது மட்டும் அவசரமா வெந்துருமா?" என்று சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரை பாதி, சாப்பாடு பாதி என்று இரண்டு முறை சொன்னார். முட்டை, பருப்பு, வேர்க்கடலை. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால், ஏதாவது சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னார். அப்படியும் மறுநாள் பயந்தேன். நீங்கள் பயப்படாதீர்கள். அது மருந்தின் நிறம்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா நான் நாலாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்களூரிலேயே பீங்கான் தொழில் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். அதற்கு முன்பு பத்தாவது வரை என்னை வைத்துச் சோறு போட்டது எங்கள் கிறிஸ்தவ சபை நடத்திய விடுதி. அதை அம்மா "ஆண்டவரு போட்ட சோறு" என்பாள். அந்த விடுதியில் இடம் கிடைப்பதற்கு முன்பு அவள் இருபத்தொரு நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஜெபத்தில் இருந்தாள். அதனால் எங்கள் வீட்டில் கடவுளின் தயவுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் பட்டினி. அதற்குப் பிறகு தயவு.

டிபி என்று சொன்னதும் அம்மா அழவில்லை. "சபையில யாருகிட்டயும் சொல்ல வேணாம். ஆண்டவருகிட்ட நான் சொல்றேன்" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் உபவாச ஜெபம் (உணவை விட்டுவிட்டுச் செய்யும் பிரார்த்தனை) என்று முடிவானது.

நான் படித்தவன். சாப்பாடும் மருந்து என்று காதால் கேட்டு வந்தவன். அப்படியும் ஒத்துக்கொண்டேன். எதையாவது விட்டால்தான் எதையாவது கேட்க முடியும் என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை. சாப்பிடாமல் போட்டால் குமட்டியது. அதனால் அன்றைக்கு மாத்திரையையும் விட்டேன். மற்ற ஆறு நாளும் ஒழுங்காகத்தானே போடுகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஒரே வீட்டில் இருப்பதால் அவளுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க. டாக்டரம்மா என் மாத்திரை அட்டையைப் புரட்டினார். நாலு நாள் மாத்திரை மிஞ்சியிருந்தது. எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். முள் மாதத் தொடக்கத்தில் நின்ற இடத்துக்கு ஒரு கிலோ கீழே நின்றது.

"மாத்திரைய விட்டுட்டு விட்டுட்டுப் போட்டா கிருமி பழகிக்கும் தம்பி. அப்புறம் இந்த மருந்துக்கு அடங்காது. நாலு நாளு என்ன பண்ணின?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆனால் அவளையும் மெஷினில் ஏறச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சேந்து ஏறுனாதான் ஒரு ஆளு எடை வரும்போல இருக்குது. நீங்க சாப்புடறீங்களாம்மா?"

"சாப்புடறேங்க."

"மத்தியானம் என்ன சாப்புட்டீங்க?"

அம்மா மெஷினை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள். தினமும் காலையில் அவள் தூக்குவாளியோடு கரும்புக் காட்டுக்குப் போவதும், சாயங்காலம் கழுவிய வாளியோடு திரும்புவதும்தான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா மறுபடி கேட்டதும்தான் சொன்னாள்: அந்த வாளியில் ஒரு மாதமாக வெறும் தண்ணீர்தான் இருந்திருக்கிறது. நான் குணமாகிற வரைக்கும் மத்தியானச் சோறு தொடுவதில்லை என்று அவள் பொருத்தனை (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) பண்ணியிருந்தாள். அந்த வெயிலில், அந்த வேலையில்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எங்க நோம்புலயே ஒடம்பு முடியாதவங்களுக்கு விலக்கு இருக்குதும்மா. ஒங்க சாமி அதவிடக் கறாரா?"

கேலியாகத்தான் கேட்டார், அன்போடும் கேட்டார். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். இறங்குகிற இடம் வரும்போது சொன்னாள்: "அந்தம்மா கேட்டதுக்கு எனக்கு பதிலு தெரியலடா."

 மறுநாள் காலையில் நான் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டேன். அம்மா தூக்குவாளியில் தண்ணீரோடு போனாள். விட்டுவிடு என்று கெஞ்சினேன். "குடுத்த வாக்கு குடுத்ததுதான். அப்புறம் ஒனக்கு ஏதாவது ஆனா?" என்றாள்.  என் நோய்க்கு மாத்திரை இருந்தது. அம்மாவின் பயத்துக்கு என்ன கொடுப்பது?

எங்கள் சபைப் பெண்களிடம் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, கடவுளுக்கென்று தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். மாதம் ஒரு முறை அதைச் சேர்த்துச் சபையில் ஏலம் விடுவார்கள். எத்தனையோ வருடமாக அம்மா ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து வாங்கிப் போகிறவர் பாக்கியம் அத்தை. உறவில்லை, ஆனாலும் அத்தைதான். மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

அந்தச் சனிக்கிழமை அத்தை வந்தபோது நான் முகக்கவசத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா பாத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாள். அத்தை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னாடி இது, கையி கரும்புத் தோகை மாதிரி இருக்குது?"

அவ்வளவுதான். ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாததை அம்மா நின்றபடியே சொல்லிவிட்டாள். என் நோய், வெள்ளிக்கிழமைகள், தூக்குவாளி, டாக்டரம்மா கேட்ட கேள்வி, எல்லாம். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பயந்து விலகிப் போய்விடுவார் என்று நினைத்தேன். "ஜன்னல நல்லா தொறந்து வைடா, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அத்தை ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு மூட்டை.

"இந்த மாசம் ஏலம் இல்ல. சபை ஐயருகிட்ட கேட்டுட்டேன், அவரும் சரின்னுட்டாரு. புடியரிசி ஒங்க வூட்டுக்கு வருது."

அம்மா வாசலை மறித்து நின்றாள். "ஆண்டவருக்குன்னு எடுத்த அரிசிய நாங்க எப்படிக்கா திங்கிறது?"

"பின்ன அவரா வந்து ஒல வச்சிப் பொங்கித் திங்கப் போறாரு? இத்தன வருசமா அவருக்குக் கொண்டுபோய்க் குடுக்க அட்ரஸ் தேடிட்டு இருந்தேன். நேத்துதான் கெடச்சிது. நவுருடி, தோளு வலிக்குது."

"நான் பொருத்தனை பண்ணியிருக்கேன்க்கா."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அத்தை மூச்சு வாங்கினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "இதுல ஒன் கையால எடுத்த புடியும் இருக்குது எலிசா. நேத்து நீ குடுத்தது. அது எதுன்னு பொறுக்கி எடுத்துக் காட்டு பாப்பம். காட்டிட்டன்னா மீதிய நான் தூக்கிட்டுப் போயிடறேன்."

அம்மா மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, புழுங்கல், பச்சை, நாலு வகை பழுப்பு, நாலு வகை வெள்ளை. முப்பது வீட்டுக் கைகள் அதில் இருந்தன. அவள் உள்ளே கையை விட்டாள். எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் அந்த அரிசியைத்தான் உலையில் போட்டாள். கலந்த அரிசி ஒன்றுபோல வேகாது. பச்சரிசி குழைந்து கஞ்சியாகும்போது புழுங்கல் நடுவில் விதையாக நிற்கும். அடுப்பைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் பயனில்லை. பொறுத்துத்தான் இருக்க வேண்டும். பட்டறையில் சூளையை அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் காத்திருப்போம். சூட்டோடு திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விட்டுவிடும். அந்தப் பொறுமை எனக்குத் தொழிலில் தெரியும். என் உடம்பின் விஷயத்தில் தெரியாமல் இருந்தது.

அம்மா எனக்குப் போட்டாள். முட்டையும் பருப்பும் வைத்தாள். நான் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் இன்னொரு தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு முன் அம்மா ஜெபித்தால் சோறு ஆறிவிடும், அவ்வளவு கேட்பாள். அன்று கண்ணை மூடி ஒரே வரிதான் சொன்னாள்.

"சாப்புடறோம் ஆண்டவரே."

சோறு பாதி குழைவும் பாதி கடினமுமாக இருந்தது. அவள் மெதுவாக மென்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு மத்தியானச் சோறு. டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் கடவுள் எங்களிடம் பட்டினி கேட்டவர் இல்லை. நாங்கள் கேட்பதற்கு முன்பே முப்பது உலைகளிலிருந்து ஒவ்வொரு பிடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர்.

விட்ட நாட்களால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போயிருக்கிறதா என்று மறுபடியும் பரிசோதித்தார்கள். முடிவு வரும் வரை பயமாகத்தான் இருந்தது. அடங்கவே செய்தது. மூன்றாம் மாதம் பசி எடுத்தது. நன்றாகிவிட்டது போலவே இருக்கும். மாத்திரையை நிறுத்தத் தோன்றும் மாதம் அதுதான். நிறுத்தாதீர்கள்.

என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை வாங்குகிற ஒரு பெரியவர் இருந்தார். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் மங்களூரிலிருந்து வருவார். "ஒனக்கு எத்தினி கிலோ ஏறிச்சு?" என்று என்னைப் பார்த்ததும் கேட்பார். நாலாம் மாதம் அவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று நர்ஸம்மா சொன்னார். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான் ஜெபத்தில் கேட்டேன்.  வராத பதிலை வந்ததாக உங்களிடம் எழுத எனக்கு மனமில்லை.

ஆறு மாதம் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு தழும்பு. "அது போவாது தம்பி. இருந்துட்டுப் போவட்டும்" என்றார் டாக்டரம்மா. மாடிப்படி ஏறினால் இப்போதும் அந்த இடம் எனக்குத் தெரிகிறது. முன்பு நான் மூச்சு விடுவதை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

மாத்திரையால் குணமானதா, ஜெபத்தால் குணமானதா என்று பட்டறையில் கேட்கிறார்கள். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூட்டைக்குள் அம்மாவின் பிடி எது என்று கேட்பதுபோல இருக்கிறது.

இப்போது காலையில் அரிசி களைவது நான். உலைக்கு முன் பிடியை எடுப்பதும் நான்தான். நோயில் கிடந்தபோது ஒரு நாள் எடுத்துப் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கு வழியாகப் பாதி அரிசி கொட்டிவிட்டது. இப்போது கொட்டுவதில்லை. மருத்துவமனை மெஷின் சொல்வதற்கு முன்பே என் கை எனக்கு எடையைச் சொல்லிவிடுகிறது.

நேற்று ஒரு பிடி எடுத்துப் பாத்திரத்தில் போட்டேன். மங்களூர்ப் பெரியவரை நினைத்து இன்னொரு பிடியும் அள்ளினேன். அடுப்படியிலிருந்து அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னாடா அள்ளிக்கிட்டே இருக்க? ஒன் கையி பெருசாயிடுச்சி. ஒலைக்கும் கொஞ்சம் வைடா."