காற்றில் நின்ற குச்சி

அப்பா வீட்டு ஹாலில் ஒரு புகைப்படம் தொங்குகிறது. தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பிளாக்ஹவுஸ் பே பகுதியில் நடந்த கிறிஸ்து பிறப்புக்கான தமிழ் நத்தார்ப் பூசை. முன்னால் அப்பா கண்ணை மூடிப் பாடுகிறார். பின்னால் முகம் சிவந்த ஒரு வெள்ளைக்காரர் டிரம் குச்சியை உயர்த்தியபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் என் அத்தான். அன்று இன்னும் ஆகவில்லை.

அக்கா அவரைக் கட்டப்போவதாகச் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. யாழ்ப்பாணத்துத் தகப்பன் செய்வதையே செய்தார்: விசாரித்தார். லண்டன் சித்தப்பா, அத்தான் பிறந்த அயர்லாந்தில் ஒரு தமிழ் டொக்டரைப் பிடித்து, அவர் மூலம் அத்தானுடைய ஊர்ப் பாதிரியாரைப் பிடித்து, தொலைபேசியில் முடிவைச் சொன்னார். “பெடியன் கத்தோலிக்கன், அண்ணை. தேப்பன் பேக்கரிக்காரர். சின்னனில பாண் தட்டெல்லாம் தட்டித் தட்டி நெளிச்சவனாம். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியத்தில பெரிய மேளம். பிறகு ரொக் பாண்ட், ஒண்டில்லை, மூண்டு. ஒண்டும் நிலைக்கேல்லை.”

மூன்றாவது பாண்ட் ஆக்லாந்துக்கு வந்த இடத்தில் மேடையிலேயே தங்களுக்குள் அடித்துக்கொண்டு கலைந்தது. உடைந்த பல்லோடு அவர் போன கிளினிக்கில்தான் அக்கா வேலை பார்த்தாள்.

அப்பாவை உறுத்தியது மேளமல்ல. “மூண்டு இடத்தில நிலைக்காதவன் என்ர பிள்ளையோட நிலைப்பானோ?” நத்தார் முடியட்டும், சொல்கிறேன் என்றார்.

அந்த நத்தாருக்குப் பாடகர் குழுவில் டிரம் அடிக்க ஆளில்லை. காரணம் அப்பா. பாடும்போது பிடித்த சொல் வந்தால் அதை நீட்டி நீட்டி அதிலேயே குடியிருந்துவிடுவார். தாளம் முன்னே போய்விடும். பூசை முடிந்ததும் சண்டை. டிரம் அடித்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக விலகியிருந்தார்கள். அக்கா தன் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

‘மீட்பரே’ என்ற சொல்லில் அப்பா குடியேறினார். குச்சி காற்றில் நின்றது. ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. ஒருவழியாக அப்பா இறங்கினார். குச்சியும் கூடவே இறங்கியது. பாட்டுக்கு நடுவே அப்பா திரும்பிப் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

“எப்பிடிக் காத்திருந்தவன் எண்டு கேள்,” என்றார் அக்காவிடம், கார் நிறுத்துமிடத்தில். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். அயர்லாந்து ஆங்கிலம் பிடிபடாது. அத்தான் சொன்னது எனக்கு விளங்கியது. முதல் பாண்ட்டின் பாடகன் பெருங்குடிகாரன். அவனுக்கு அடுத்த வரி ஞாபகம் வரும்வரை குச்சியைத் தூக்கிப் பிடித்தே பழகிவிட்டதாம்.

அக்கா கண்ணிமைக்காமல் மொழிபெயர்த்தாள்: “பெரியாக்கள் பாடேக்க முந்தக் கூடாதாம், அப்பா. இளமையில பழகினதாம்.”

“ஓம், வளர்ப்பு,” என்றார் அப்பா. “கலியாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைப்பம்.”

அக்காவும் அத்தானும் இப்போது ஆக்லாந்தின் இன்னொரு பகுதியான பிளாட் புஷ்ஷில் இருக்கிறார்கள். போன ஞாயிறு அங்கே சாப்பாட்டு மேசையில் அப்பா செபம் சொன்னார். பாதியில் நின்றுவிட்டார். “அம்மப்பா, ஐ’ம் ஸ்டார்விங்,” என்றாள் பசி பொறுக்காத அக்காவின் மகள். அக்கா சொல்லெடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். அத்தான் வேண்டாமென்று தலையசைத்தார். அவர் கையில் முள்ளுக்கரண்டி உயர்ந்து நின்றது, அடுத்த வரி அப்பாவுக்கு ஞாபகம் வரும்வரை.