பாயின் பேட்டரியும் என் கூச்சமும்

சிறுநீரை அடக்க முடியாதவர்களின் கணுக்காலில் பட்டை ஒட்டி, நரம்புக்கு லேசாக மின்சாரம் விடுவது என் வேலை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரிந்த பிசியோதெரபிஸ்ட் தோழிகள் எனக்கும் சொல்லுங்கள்.

ஏழாவது கேள்வி

எங்கள் படிவத்தின் ஏழாவது கேள்வி, 'உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி உண்டா?' இருந்தால், நாம் விடும் மின்சாரம் அதைக் குழப்பலாம். அது இதயத்தைக் குழப்பும். ஆம்பூர் கரீம் பாயிடம் கேட்டேன். முடிப்பதற்குள் "இல்லமா" என்றார். குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டேன். நர்ஸ் மேரியக்கா சிரித்தார்: "நீ கேட்டது உனக்கே கேக்கல, அவருக்கு மட்டும் எப்டி கேட்டுச்சு?"

தரம் பார்க்கும் கை

பாய் தோல் தொழிற்சாலையில் தரம் பிரித்தவர். ஒருமுறை தடவினால் உண்ணி கடித்த புள்ளிகூடத் தப்பாதாம். எங்கள் கட்டிலையும் இலவசமாகத் தடவி, "ரெக்சின், தேர்டு கிரேடு" என்று தீர்ப்பளித்தார். இந்தப் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை கழிவறைக்கு ஓடினார். அவர் கேட்டது ஒன்றுதான்: "பொண்ணு நிக்காஹ்ல நடுவுல எந்திரிக்காம ஒரு மணி நேரம் ஒக்காரணும்மா."

வலது காது

பட்டை ஒட்டி, சுவிட்சில் விரல் வைத்தேன். அவர் போன் அடித்தது. இடது கையால் எடுத்தவர், சிரமப்பட்டு வலது காதுக்குக் கொண்டுபோனார். தேர்வுக்கு மட்டுமே உதவும் என்று நான் நினைத்திருந்த பாடம் நினைவுக்கு வந்தது: பேஸ்மேக்கருக்கு அருகில் போன் ஆகாது; அது இடப்பக்கம் என்றால் போன் வலப்பக்கம்.

விரலை எடுத்தேன். ஆண்களிடம் மணி கேட்கவே கூசுகிற நான், "சட்டைய கழட்டுங்க பாய்" என்றேன். மேரியக்காவே திரும்பிப் பார்த்தார். இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமாம். "சின்ன கீறல்தாம்மா, செகண்டு கிரேடுல தள்ளிடலாம்."

நிக்காஹ்

தள்ளவில்லை; இதய டாக்டரிடம் அனுப்பினேன். சிலருக்குக் கருவியைச் சோதித்து, ஈசிஜி பார்த்துக்கொண்டே செய்வதுண்டாம். பாயின் இதயம் முழுக்கக் கருவியை நம்பியே ஓடுவதால் வேண்டாம் என்று எழுதிவிட்டார். சிறுநீரக டாக்டர் மாத்திரை தந்தார்.

நிக்காஹ் முடிந்து பாய் மக்கன்பேடா இனிப்பு டப்பாவோடு வந்தார். எந்திரிக்கவே இல்லையாம். "சம்பந்திதாம்மா ரெண்டு தடவ எந்திரிச்சி ஓடுனாரு. வெளிய ஒக்கார வெச்சிருக்கேன். அந்த ஏழாவது கேள்விய கொஞ்சம் சத்தமா கேளு, அவரும் வலது காதுலதான் போன் பேசுறாரு."

மாட்டுத் தோலில் ஒரு புள்ளியைக்கூட மறைக்க முடியாத ஊரில் மனிதத் தோலுக்குள் பேட்டரியையே மறைத்துவிடுகிறார்கள் என்பதால், என் கணுக்கால் சிகிச்சை இப்போதெல்லாம் சட்டைப் பொத்தானில்தான் தொடங்குகிறது.