பேயாண்டியின் கப்பல் நோட்டு

கொழும்பில் என் அறைக்கு எதிரே கடை வைத்திருந்த ஆண்டிச்சாமி, தூத்துக்குடியிலிருந்து வந்த யாரோ சொன்னதாகச் சொன்னார்: "உங்க கூட்டாளி பேயாண்டி, ஆளுகளக் கப்பலுக்குள்ள வச்சுப் பூட்டிப்புட்டுத் தான் மட்டும் தப்பிச்சிட்டானாம்ல!"

நான் நம்பவில்லை. மதுரைக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்து, என்னோடு இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன் அவன். பஞ்சாலையில் இயந்திரம் பழகிக் கப்பற்படை இன்ஜினியரானான். பாய்லருக்குக் கரி தள்ள ஊர்க்காரன் நல்லகாமனையும் சேர்த்துவிட்டான். யுத்தம் நடந்த நாற்பத்திரண்டில், ரங்கூனிலிருந்து கிளம்பிய மறுநாள், அவர்கள் கப்பல் குண்டுபட்டு மூழ்கியது.

நாற்பத்தாறில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பழைய ஆலைக்கே திரும்பியிருந்த பேயாண்டியை மதுரைக் கோரிப்பாளையத்தில் பார்த்தேன். கப்பல் மூழ்கியதைப் பற்றி மேலதிகாரிகளுக்காக இங்கிலீஷில் எழுதிய நோட்டை நீட்டினான்.

"இதத் தமிழ்ல எழுதி ஊருல வாசிச்சிரு மாப்ள. எனக்கு வாய் வரல."

சாவைக் கண்டவன் கோயில் முன் சொன்னால்தான் அவர்கள் ஊரில் தாலியை இறக்குவார்கள். நல்லகாமன் மனைவி ஒச்சம்மாள் நான்கு வருடமாகக் காத்திருந்தாள்.

நோட்டில் இருந்தது: 'இடுப்பளவு தண்ணீர். பாய்லர் அறைக் கதவை அடைக்க உத்தரவு. திருகி அடைத்தேன். உள்ளேயிருந்து நல்லகாமன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதினொரு நிமிடம். பிறகு சத்தமில்லை.'

தமிழில் எழுதும்போது, அவன் கதவை அடைத்த வரியோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை எழுதக் கை வரவில்லை. ஊர் அவனை என்ன செய்யுமோ என்ற பயமும் இருந்தது. ஊர்க் கோயில் முன் நான் வாசித்தபோது பேயாண்டி தலை நிமிரவில்லை.

ஒச்சம்மாள் எழுந்தாள். "கதவச் சாத்துனீக, சரி. அவுக செத்தத யாருண்ணே பாத்தது?"

"நோட்டுல உள்ளதுதேன் தங்கச்சி" என்றான் பேயாண்டி.

"அப்ப உசுரோடதேன் இருக்காக."

"இம்புட்டுப் படிச்ச ரெண்டு பேரு, ஒரு சாவச் சொல்லத் துப்பில்ல!" என்று கூட்டத்திலிருந்து மாயக்காள் என்ற கிழவி காறித் துப்பினாள்.

போன மாதம் கொழும்பு திரும்பினேன். இன்று காலை பேயாண்டியின் கடிதம் வந்தது. 'ஒச்சம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்குத் தேடப் போகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் மதுரையிலிருந்து மெட்ராஸ் ரயில். நீ விட்ட வரியை நானாவது சொல்லியிருக்க வேண்டும்.'

இன்று சனிக்கிழமை. தபாலாபீசுக்கு ஓடி, பேயாண்டியின் ஆலைக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒச்சம்மாளை ஸ்டேஷனிலிருந்து அவன் போனுக்குக் கூட்டிவந்தால் நானே சொல்லிவிடுவேன். லைன் கிடைத்தபோது ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

யாரும் எடுக்கவில்லை, துண்டிக்கவா என்று ஆபரேட்டர் கேட்டாள். வேண்டாம் என்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.